கடற்கரைச் சாலையில் ஒரு கட்டில்

ஆவூர்
14.9.2025

அன்பு மகள் ஜாஸ்பினுக்கு,

சேசுவுக்கே புகழ். அப்பா சவரிநாதன் எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் சுகத்துக்குக் குறைவில்லை. உன் தொண்டைக்கட்டு விட்டதா, மடத்துக் கிணற்றுத் தண்ணீர் இன்னும் உப்புக் கரிக்கிறதா என்று எழுதவும்.

ஒரு சேதி. நான் வேன் வாங்கிவிட்டேன். சொந்த வேன். எந்த வேன் என்று கேள். இலுப்பூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு இத்தனை வருஷம் நான் ஓட்டினேனே, அதே மஞ்சள் வேன். வயசாகிவிட்டது என்று முதலில் என்னை நிறுத்தினார்கள். பிறகு அதே காரணத்தைச் சொல்லி அதையும் நிறுத்தினார்கள். காயலான் கடைக்காரர் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். சாவியைப் போட்டதும் ஒரே திருகில் எடுத்தது. கூட நின்ற வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கை பட்டால் எடுக்காமல் என்ன செய்யும்?

உன் தம்பி அமல்ராஜுக்குக் கோபம். புதுக்கோட்டையிலிருந்து வந்து வாசலில் நின்றுகொண்டு, "இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்குப்பா இந்த டப்பா?" என்றான். மருமகள் ஷர்லிதான் என் பக்கம். அவள் போனில் ஒரு படம் காட்டினாள். வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி இருவர், வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு கடற்கரை ஓரமாகவே நாடு நாடாகப் போகிறார்கள். கேம்பர் வேன் என்று பெயராம். நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மணமேல்குடியில் கடலைப் பிடித்தால், கடலை விடாமல் உன் மடத்து வாசல் வரை வந்து இறங்க வேண்டும். அம்மாவும் நானும் உன்னைப் பார்க்க வந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. வேலை வேலை என்று போய்விட்டது.

நான் போஸ்ட் ஆபீசுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஷர்லி சிரிக்கிறாள். உள்ளே போனவர்கள் வெளியே வராத அடைப்பு மடத்துக்குள்ளே போன் நுழையாது, கடிதம்தான் நுழையும் என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு அது வேடிக்கையாகவே இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், எதற்கு என்று கேட்காதே. உங்கள் பார்லர் இருக்கிறதே, நாங்கள் வந்து உட்கார்ந்து கிராதி வழியாக உன்னைப் பார்க்கிற அறை, அதன் வாசல் கதவு எவ்வளவு அகலம்?

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

உன் அப்பா,
சவரிநாதன்

மகளே, நான் நல்லா இருக்கேன். அப்பா சொல்றதுல பாதிய நம்பு. அம்மா.

---

5.10.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் ஜாஸ்பின் இறைவனின் கிருபையால் நலம். தொண்டை விட்டுவிட்டது, தண்ணீர்தான் இன்னும் கரிக்கிறது. நீங்கள் இருவரும் நலமாக இருக்க இங்கே எல்லா சிஸ்டர்களும் ஜெபிக்கிறோம்.

வேன் சேதியை உணவு வேளைக்குப் பிந்திய பேச்சு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து மதருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் அப்பா வேனை ஓட்டுகிறாரா, வேன் அவரை ஓட்டுகிறதா என்று கேட்டார்கள். அப்பா ஓட்டினால் மாட்டு வண்டியும் நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யப்போவதில்லை.

கதவின் அகலம் கேட்டிருந்தீர்கள். பார்லரின் அந்தப் பக்கத்துக்கு நான் வர முடியாது. வெளிவாசலைப் பார்த்துக்கொள்கிற ஷீபா சிஸ்டரிடம் சொல்லி, ஒரு நூலைக் கதவுக்கு இந்த நிலையிலிருந்து அந்த நிலைக்குப் பிடித்து வெட்டி வாங்கினேன். நூலை இதற்குள் சுற்றி வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்கவில்லை.

ஆனால் வேறொன்று கேட்கிறேன். அம்மா கடைசியில் எழுதுகிற வரி கொஞ்ச நாளாக மேலே ஏறிச் சாய்ந்தே வருகிறது. போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது படுத்தபடி எழுதினேன், என் கையெழுத்தும் அப்படித்தான் வந்தது. அம்மா ஏன் படுத்துக்கொண்டு எழுதுகிறாள்?

கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் எங்களுக்குக் கடிதம் கிடையாது, வருகையாளர்களும் கிடையாது. அதற்கு முன் பதில் எழுதுங்கள். அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் மகள்,
ஜாஸ்பின்

---

ஆவூர்
9.11.2025

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசீர்.

நாங்கள் நலம். மழை நன்றாகப் பிடித்திருக்கிறது, கண்மாய் நிறைந்து கிடக்கிறது. உன் நூல் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதை ஆலங்குடிக்குக் கொண்டுபோய் ஆண்டிச்சாமி கையில் கொடுத்தேன். அவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வாசலுக்கு வந்த கிராதி, கேட், தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு என்று எதையும் விடமாட்டார். நூலைப் பார்த்துவிட்டு, "இதென்னண்ணே, கோயில்ல கட்டுன காப்பா?" என்றார். இதைவிட நாலு விரல் குறைவாக ஒரு கட்டில் வேண்டும் என்றேன்.

இப்போது கேள். சீட்டு எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அடுப்பு, அதற்குக் கீழே தண்ணீர் கேன். ஜன்னல் ஓரமாக நீளத்துக்கும் கட்டில். அது சும்மா கட்டில் இல்லை. கீழே தண்டவாளம் மாதிரி இரும்புப் பட்டை, கட்டிலுக்குச் சக்கரம். பின்கதவைத் திறந்து ஒரு கொக்கியை எடுத்தால், கட்டில் அப்படியே சரிந்து சாய்பலகை வழியாகத் தரைக்கு வந்து நிற்கும். அலுங்காது. வேகத்தடைக்கு அதிராமல் இருக்க அடியில் லாரி டயர் ரப்பரை வெட்டி வைத்திருக்கிறோம். ஆண்டிச்சாமி தன் செல்போனில் படம் பிடித்து, பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். யோசனை யாருடையது என்றும் சொல்கிறார், அதை நான் விசாரித்துவிட்டேன்.

வெளியே வெள்ளையும் நீலமும் அடித்திருக்கிறது, மாதாவின் அங்கி நிறம். ஜன்னல் சட்டத்தில் பிள்ளைகள் காம்பஸால் கீறிய பெயர்களை மட்டும் அடிக்க விடவில்லை. புதுக்கோட்டை வரை ஓட்டிப் பார்த்தோம். ராஜவீதியில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

அம்மாவின் கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். வயசானால் கையெழுத்து சாயும். என் கையெழுத்து என்ன நேராகவா இருக்கிறது?

பொங்கல் முடிந்து கிளம்புவோம். நன்றாகச் சாப்பிடு.

அப்பா

கட்டிலு சொகமா இருக்கு மகளே. அம்மா.

---

22.11.2025

அன்புள்ள அப்பா,

நான் நலம். இது சின்னக் கடிதம். மறுவாரம் திருவருகைக் காலம் தொடங்குகிறது, அதற்குள் இது போய்ச் சேர வேண்டும்.

அம்மாவால் உட்கார முடியாது. அப்படித்தானே? உட்காரக்கூடிய ஒருத்திக்கு யாரும் சக்கரம் வைத்த கட்டில் செய்யமாட்டார்கள். வேனிலிருந்து என் கிராதி வரைக்கும் படுத்தபடியே வருவதற்கு வழி போட்டிருக்கிறீர்கள். இரண்டு வருஷமாக நீங்கள் வராததற்கு வேலை காரணம் இல்லை.

என்னால் வந்து பார்க்க முடியாது என்பதால்தான் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று புரிகிறது. நான் உள்ளே வந்தது யாரையும் மறப்பதற்கு இல்லை அப்பா. நாள் முழுவதும் ஜெபிக்கிறவளுக்கு எதற்காக ஜெபிக்கிறோம் என்றாவது தெரிய வேண்டும். இத்தனை நாளாக நான் அம்மாவின் முட்டிவலிக்காக ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு உங்கள்மேல் கோபமாக இருக்கிறது. எழுதுங்கள்.

அம்மாவுக்குப் போர்வை கனமாகப் போடாதீர்கள், அவளுக்கு வேர்க்கும்.

ஜாஸ்பின்

---

ஆவூர்
26.12.2025

அன்பு மகளுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. நான் நலம். அம்மா எப்படி இருக்கிறாள் என்று இந்தத் தடவை உள்ளபடியே எழுதுகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நிலக்கடலை பிடுங்குகிற நாளில் வரப்பில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பு. திருச்சியில் காட்டினோம். ஆபரேஷன் செய்தால் நல்லதாகவும் ஆகலாம், கால் போகவும் செய்யலாம் என்றார்கள். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். கொஞ்ச நேரம் தலையணையில் சாய்ந்திருப்பாள், அதற்குமேல் வலி பொறுக்காது. பஸ்ஸும் ரயிலும் அவளுக்கு ஆகாது. உனக்குச் சொல்லக்கூடாது என்பது அவள் உத்தரவு. "உள்ள இருக்குற புள்ளைக்கு ஓடி வரவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது" என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் மேலே இருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். ஒரு தடவைகூட முனகவில்லை. ஆவணியில் ஒருநாள், "ஜாஸ்பின் முகம் மறந்துருமோன்னு இருக்கு" என்றாள். மறுநாள்தான் வேன் ஏலத்துக்கு வருகிற சேதி கிடைத்தது. இப்போது தெரிந்ததா?

டாக்டர் பயணத்தைத் தடுக்கவில்லை, ஆனால் மெதுவாகப் போகச் சொன்னார். இப்போது போகாவிட்டால் பிறகு முடியாமல் போகலாம் என்பதையும் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். ஜனவரி கடைசியில் புறப்படுகிறோம். தவக்காலம் மார்ச்சில்தானே வரும். அதற்கு வெகு முன்னால் உன் வாசலில் நிற்போம்.

கோபம் தணிந்ததா?

அப்பா

படுத்துக்கிட்டுத்தான் எழுதுறேன். கண்டுபிடிச்சிட்டியே, நீ ஏம் மக. அம்மா.

---

22.1.2026

அன்புள்ள அப்பா, அம்மா,

வருடாந்தர தியானம் முடிந்து நேற்றுத்தான் கடிதங்கள் கைக்கு வந்தன. அம்மா, கோபமெல்லாம் ஒரு வரியில் போய்விட்டது. நான் நலம், உங்கள் முதுகைத் தவிர எனக்கு வேறு ஜெபம் இல்லை.

அப்பா, ஒரு பெரிய தவறு நடந்திருக்கிறது. போன வருஷம்தான் தவக்காலம் மார்ச்சில் வந்தது. இந்த வருஷம் திருநீற்றுப் புதன் பிப்ரவரி பதினெட்டு. அன்றிலிருந்து ஈஸ்டர் வரை கிராதித் திரை மூடியிருக்கும். கடிதமும் வெளிவாசலிலேயே இருக்கும். யார் வந்தாலும் பார்க்க முடியாது. எப்படியாவது பதினேழாம் தேதிக்குள் வந்துவிடுங்கள். இந்தக் கடிதம் நீங்கள் கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஒட்டுகிறேன்.

பார்லரில் உங்களுக்காக மின்விசிறியைச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். பத்திரமாக வாருங்கள்.

ஜாஸ்பின்

---

சாயல்குடி தாண்டி, கடற்கரையில்
6.2.2026

அன்பு மகளுக்கு,

கடவுள் துணையால் நாங்கள் சுகம். வழியில் எழுதுகிறேன், உன் பதில் எதையும் இன்னும் பார்க்கவில்லை, ஊருக்கு வந்திருந்தால் அமல்ராஜ் எடுத்து வைத்திருப்பான்.

நாங்கள் கிளம்பியதை நீ பார்த்திருக்க வேண்டும். பங்குச் சாமியார் வந்து வேனுக்குத் தீர்த்தம் தெளித்தார். தெருவே நின்றது. அம்மா படுத்தபடி ஜன்னல் வழியாகக் கை காட்டினாள், பிஷப் போவது போல இருந்தது.

மணமேல்குடியில் கடல் தெரிந்ததும் வேனைத் திருப்பி, பின்பக்கம் கடலைப் பார்க்க நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். இதற்கு முன் அவள் கடல் பார்க்காதவள் இல்லை. வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தவள்தான். ஆனால் அங்கே எல்லாம் கூட்டம், ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு ஓடி வருவதுதான். இப்போதுதான் படுத்துக்கொண்டு நாள் முழுக்கப் பார்க்கிறாள். "கூரை இல்லாம இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு நான் வண்டியை எடுக்கப் படாத பாடுபட்டேன்.

கோட்டைப்பட்டினத்தில் ஒரு நாள். தொண்டியில் இரண்டு நாள். தேவிபட்டினத்தில் தண்ணீர் அசையாமல் குளம் மாதிரி கிடந்தது, அது கடலே இல்லை என்று என்னோடு சண்டை போட்டாள். வலைக்காரப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்து, கட்டிலை இழுத்து விடச் சொல்லிப் பார்த்து, கணவாய் மீன் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் குழம்பு வைக்கிறேன். உப்புப் போதவில்லை என்கிறாள், கடலைப் பார்த்துக்கொண்டே.

ஒரு நாளைக்குக் கொஞ்ச தூரம்தான் ஓட்டுகிறேன். ஒரு குழியில்கூட விடவில்லை. இந்த ரோட்டில் லாரிக்காரர்கள் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக் கொல்கிறார்கள். அடிக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து ஓட்டியவனுக்கு இதெல்லாம் பழக்கம்.

மாதக் கடைசிக்குள் வந்துவிடுவோம், தவக்காலத்துக்கு நாள் இருக்கிறது. உன் உடம்பைக் கவனி.

அப்பா

கடல்ல வெள்ளி மீனு துள்ளுது. நீ அங்கிட்டு இதெல்லாம் பாக்குறியா? அம்மா.

---

உன் மடத்து வாசல்
18.2.2026, விபூதிப் புதன்

அன்பு மகளுக்கு,

உன் சுகத்தை விசாரிக்கிறேன், பதில் வராது என்று தெரிந்தே. இந்தக் கடிதத்தை ஷீபா சிஸ்டரிடம் கொடுக்கிறேன். ஈஸ்டருக்குத்தான் உன் கைக்கு வரும்.

அமல்ராஜ் உன் கடிதம் வந்ததைச் சொன்னதே ஞாயிற்றுக்கிழமைதான். அப்பா பெயருக்கு வந்ததைப் பிரிப்பதா என்று மேசைமேல் வைத்துவிட்டிருக்கிறான், மரியாதைக்காரன். போனில் படிக்கச் சொன்னேன். அப்போது நாங்கள் மணப்பாட்டில் இருந்தோம். மறுநாள் விடியலில் வண்டியை மிதித்தேன். உவரிக்கு முன்னால் ஒரு வேகத்தடை, பெயின்ட் அழிந்து கிடந்தது, பார்க்கவில்லை. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தால், துண்டை வாயில் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். அன்றும் மறுநாளும் அவளை அசைக்க முடியவில்லை. என் வாழ்நாளில் நான் ஒரு வேகத்தடையைப் பார்க்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

இன்று காலையில் வந்தோம். நெற்றியில் சாம்பலோடு ஷீபா சிஸ்டர் கதவைத் திறந்தார். கட்டிலைப் பார்த்ததும் உள்ளே ஓடினார். திரும்பி வந்து, "மதர் பெரிய மனசோட ஒத்துக்கிட்டாங்கப்பா. பத்து நிமிஷம் பாக்கலாம்" என்றார். நான் கொக்கியை எடுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் சிஸ்டர். ஏம் மக இத்தன வருஷம் காத்த சட்டம். அவ ஆத்தா வந்தான்னு அது வளையக் கூடாது. மத்த சிஸ்டர்மாருக்கும் அம்மா இருக்காகள்ல? நான் வீட்டையே கொண்டாந்திருக்கேன். பாஸ்காவரைக்கும் இருந்து பாத்துட்டுப் போறேன். அவகிட்ட நான் வந்தத சொல்லாதீக."

நான் கத்தினேன். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். ஈஸ்டர் வரைக்கும் யார் உத்தரவாதம் என்று கேட்டேன். அவள் கேட்டாளா? எனக்குக் கோபம் ஒரு பக்கம், மகளே, இன்னொரு பக்கம் நெஞ்சு நிமிர்ந்து போயிற்று. மதரே கொடுத்த சலுகையை வேண்டாம் என்று சொல்ல இவளால்தான் முடியும்.

கோயிலுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் வேன் நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நீ. சாப்பிட்டாயா?

அப்பா

---

தென்னந்தோப்பு
21.3.2026

அன்பு மகளுக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு இந்த மாதம் நல்ல மாதம் இல்லை. கால் மரத்துப் போயிற்று, இரண்டு நாள் காய்ச்சல். பக்கத்து ஊர் டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, ஊருக்குத் திருப்புங்கள் என்றார். எனக்கும் பயம்தான். திருப்பலாமா என்று கேட்டேன். "வண்டியத் திருப்புனா நான் எறங்கி நடந்துருவேன்" என்கிறாள், நடக்க முடியாதவள். இவளை என்ன செய்வது? காய்ச்சல் விட்டது. ஆனால் ராத்திரிகளில் அவள் மூச்சுவிடுகிறாளா என்று கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறேன்.

ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்கு வேனைப் பின்பக்கமாக ஓட்டி, கோயிலின் பக்கக் கதவை ஒட்டி நிறுத்துகிறேன். இந்த ஊர்க்காரர்கள் பாட்டை விரட்டிப் பாடுகிறார்கள், கடலுக்குப் போகிற அவசரம் போல. உங்கள் சிஸ்டர்கள் திரைக்குப் பின்னாலிருந்து பாடுவதும் வெட்டினாற்போல நேரத்துக்கு நிற்கிறது. அம்மாவுக்கு அது வரவில்லை. நம் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியுமே. பொட்டலில் சிலுவை தூக்கிப் போகையில், கிழவர்களும் கர்ப்பிணிகளும் பின்தங்கி வருவார்கள் என்று, ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்போம். முன்னால் போகிறவர், "கடைசி ஆள் வந்தாச்சா?" என்று கேட்பார். பின்னாலிருந்து, "வந்தாச்சு" என்று குரல் வந்தால்தான் அடுத்த அடி. அவளுக்கு அந்த இழுப்புத்தான் வருகிறது. எல்லோரும் முடித்த பிறகு இவள் குரல் மட்டும் அரை வரி பின்னால் தனியாகப் போய்க்கொண்டிருக்கும். ஜனம் திரும்பிப் பார்க்கும். எனக்குச் சங்கடம், அவளுக்கு ஒன்றும் இல்லை.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் நிறுத்தினார்கள். இவள் குரல் பின்னால் போனது. அதோடு சேர்ந்து, திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் அதே இழுப்பில் வந்தது. ஒரே ஒரு குரல். கடைசிவரை இவளோடு வந்து இவளோடு நின்றது.

அம்மா என் சட்டையைப் பிடித்தாள். முகத்தில், வேன் வாங்கிய அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைப் போல நூறு பங்கு இருந்தது.

இன்று முழுச் சோறு சாப்பிட்டாள். உனக்கும் சேர்த்துச் சாப்பிட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அப்பா

---

8.4.2026

அன்புள்ள அப்பா, அம்மா,

அல்லேலூயா. நீங்கள் நேற்றுப் புறப்பட்டுப் போன பிறகு, வெளிவாசலில் சேர்ந்திருந்த கடிதங்களை வரிசையாகப் படித்தேன். வலி எப்படி இருக்கிறது? வெயிலுக்கு முன்னால் ஓட்டி, வெயில் ஏறியதும் நிழலில் நிறுத்துங்கள்.

ஈஸ்டருக்குத் திரை திறந்து பார்த்துக்கொண்டபோது, கிராதியில் பேசவேண்டியதை நாம் யாரும் பேசவில்லை. கட்டில் கதவில் உரசாமல் நுழைந்ததை அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கன்னம் வற்றிவிட்டது, என்ன சாப்பாடு போடுகிறார்கள் என்று மதர் இருக்கும்போதே கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

பதினேழாம் தேதி சாயங்காலம் வரை வேன் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். திரை மூடியதும், ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள், இனி அம்மாவைப் பார்க்கமாட்டேன் என்று நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமையே அரை வரி பின்னால் ஒரு குரல் கேட்டது. பிரமை என்று தள்ளினேன். அடுத்த வாரமும் கேட்டது. நடுவில் ஒரு வெள்ளி அது வரவில்லை. அன்று நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. மறுவாரம் மெலிந்து, ஆனால் வந்தது. அப்போது என் வாயை என்னால் மூட முடியவில்லை அப்பா. இழுத்துவிட்டேன்.

அன்று மதர் கூப்பிட்டார்கள். பாடகர் குழுவைக் குலைத்தாயே என்றார்கள். உள்ளே வந்து இத்தனை வருஷத்தில் நான் வாங்கிய முதல் கண்டிப்பு. முழங்காலில் இருந்து, அது எங்கள் ஊர் இழுப்பு மதர், கடைசி ஆள் வந்து சேரும்வரை நிற்போம் என்றேன். வெளியில் இருப்பது யார் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எழுந்து போகச் சொன்னார்கள்.

பெரிய வெள்ளியன்று கோயிலுக்குள் நுழையும் முன் மதர் எல்லோரையும் நிறுத்தி ஒன்றே ஒன்று சொன்னார்கள்: "இன்னைக்கு வெளியில் ஒரு குரல் பின்னால் வரும். அது முடியும் வரை ஒருவரும் நிறுத்தக் கூடாது." அப்படித்தான் பாடினோம் அம்மா. எங்கள் மடமே உங்களுக்காக நின்றது. அந்த ஊர் ஜனமும் என்ன ஏது என்று தெரியாமல் சேர்ந்து இழுத்தது. சலுகையை வேண்டாம் என்று சொன்ன என் அம்மாவுக்குச் சட்டமே இறங்கி வந்து நின்றதாக எனக்கு இருந்தது. நான் இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள். இரவு ஜெபம் முடிந்ததும் மதர் என்னைப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே கேட்கிறார்கள், "கடைசி ஆள் வந்தாச்சா?" இன்னும் இல்லை மதர் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறேன்.

உங்கள் மகள்,
ஜாஸ்பின்

---

ஆவூர்
3.5.2026

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். வேனும் நலம், ஒரு டயர் மட்டும் மாற்ற வேண்டும். வந்த வழியே, கடலை விடாமல், முன்னைவிட மெதுவாக வந்தோம். ஒரு வேகத்தடையையும் விடவில்லை. இந்தக் கடிதத்தை அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது என்று பக்கத்தில் கட்டிலைப் போட்டுக் காவல் இருக்கிறாள்.

"மகளே, ஒன் மொகத்தப் பாத்துட்டேன், இனிமே அது மறக்காது. முதுகு அப்படியேதான் இருக்கு, அதப்பத்தி நீ ரொம்ப செபிச்சு நேரத்தப் போக்காத. வழியில தொண்டியில அந்த வலைக்காரப் பொண்ணுக என்னையக் கண்டுபிடிச்சி ஓடியாந்தாக. மகளப் பாத்தியான்னு கேட்டாக. பாத்தேன், பாட்டும் கேட்டேன்னேன். வீட்டுக்கு வந்து கட்டில உள்ள தள்ளிட்டாரு ஒங்கப்பா. கூரைதான் தெரியுது. ஆனா இப்ப கூரையப் பாத்தா எனக்குக் கடலும் ஒங் கோயிலுந்தான் தெரியுது. ஒனக்குக் கன்னம் வத்திருக்கு, சாப்புடு. ஒங்க மதர் இன்னைக்கு ராத்திரி கேட்டாகன்னா சொல்லு. வந்தாச்சு."